அம்மை வந்திருக்கா

சினிமாவில் நான் செத்த அளவுக்கு வேறு யாரும் செத்திருக்க மாட்டார்கள். முதல் பாதியில் எனக்கு இருமல் வந்தால் இடைவேளைக்குள் என் படத்துக்கு மாலை விழுந்துவிடும். சாகாத படங்களில் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு தையல் மெஷின் மிதித்தேன், மகன் பாஸானதும் பாயசம் வைத்தேன், வில்லனின் குடோனில் தூணோடு கட்டிப்போடப்பட்டுக் கிடந்தேன். முதன்முதலாக அம்மா வேஷம் போட்டபோது எனக்கு இருபத்தெட்டு வயது. மகனாக நடித்தவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. மேக்கப்காரர் என் தலையில் வெள்ளை மையும் அவர் தலையில் கறுப்பு மையும் தடவினார். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அவரை 'சார்' என்று கூப்பிட, காமிரா ஓடத் தொடங்கியதும் அவர் என் காலில் விழுந்து 'அம்மா' என்று கதறினார்.

குறையாகச் சொல்லவில்லை. சோறு போட்ட தொழில். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு இளகிப்போகிறது. விடியற்காலை கம்பெனி வேனில் தூங்கி வழிந்துகொண்டு போவோம். வாழையிலைப் பொட்டலத்தில் இட்லி வரும். மத்தியானம் விளக்கை அணைத்ததும் நட்சத்திரம், லைட்பாய் என்ற பேதமில்லாமல் எல்லோரும் செட்டின் பொய்ச்சுவர் நிழலில் கால் நீட்டிப் படுப்போம். பிறகு சீரியல் வந்தது. காலையில் எழும்போதே பட்டுச்சேலையோடு எழுந்து மருமகளின் பாலில் விஷம் கலக்கும் மாமியாரானேன். அதுவும் பத்து வருஷம் ஓடியது. தம்பி இறந்த பிறகு தக்கலைக்கே திரும்பி வந்து அவன் மனைவி பெமிலாவோடு இருக்கிறேன். ஊரில் எனக்குச் சினிமாக்காரி எலிசா என்று பெயர்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஷைஜா வீடு தேடி வந்தாள். அருமனைக்காரி, முப்பது சொச்சம் வயது, சென்னையில் படித்துவிட்டு டைரக்டரானவள்.

"ஆன்ட்டி, ஒரு வெப் சீரிஸ் எடுக்கேன். நீங்கதான் மெயின்."

"ஆருக்க அம்மை?" என்று கேட்டேன். பழக்க தோஷம்.

"ஆருக்கும் அம்மை இல்ல. மகளாக்கும்."

சமையலறையிலிருந்து பெமிலா எட்டிப் பார்த்தாள். "அறுபத்தாறு வயசில மகளா? கொள்ளாமே மைனி!"

ஷைஜா கதையைச் சொன்னாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் முப்பது வருஷம் குவைத்தில் நர்ஸாக இருந்தவள், ஓய்வு பெற்று அருமனைக்குத் திரும்புகிறாள். வீட்டில் தொண்ணூறு வயதுத் தாய். தாய்க்கு மகளை அடையாளம் தெரியவில்லை. அந்த இரண்டு பேரும் ஒரு வீட்டில் மறுபடி பழகிக்கொள்வதுதான் கதை. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"அவளுக்குப் பேரு உண்டா?"

"பின்ன? ரோஸ்லெட்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. 'ஹீரோவின் தாய்', 'கதாநாயகியின் தாய்', 'வில்லனின் தாய்' என்றுதான் என்னை எழுதுவார்கள். காமிரா முன்னால் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அடுத்து அவள் சொன்னதுதான் என்னை ஆட்டிவிட்டது.

"டப்பிங் கிடையாது ஆன்ட்டி. உங்களுக்க ஒச்சைதான் வேணும். நம்ம பேச்சு."

இத்தனை படங்களிலும் என் குரல் கிடையாது. என் வாய் அசையும். குரலை டப்பிங் தியேட்டரில் வேறொரு பெண் கொடுத்துவிடுவாள். சீரியலிலும் அப்படித்தான். என் அம்மை ஒரே ஒரு தடவை, சர்ச் சபைக்காரர்கள் கண்ணில் படாமல் தக்கலைத் தியேட்டரில் என் படம் பார்த்தாள். வெளியே வந்து, "ஏட்டி, படத்தில நீ வந்தே. ஆனா உனக்க வாய்க்குள்ள எவளோ இருந்து பேசுதா" என்றாள். அவள் சாகும்வரை படத்தில் என் குரலைக் கேட்கவில்லை. இந்த ரோஸ்லெட் கைவிட்டுப் போனால் நானும் கேட்காமலே சாவேன் என்று தோன்றியது. சரி என்றேன்.

குரல் போன கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். நானே சிரித்திருக்கிறேன். பத்மநாபபுரம் அரண்மனையில் படம் பிடிக்க வந்தவர்கள் கூட்டத்தில் நிற்கப் பெண்களைக் கூப்பிட்டபோது, டைப்ரைட்டிங் கிளாஸ் என்று புளுகிவிட்டுப் போய் நின்றேன். டைரக்டர் விலாசம் வாங்கிக்கொண்டார். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். அம்மைதான் மெட்ராஸுக்குப் பஸ் ஏற்றிவிட்டாள். இரண்டாவது படத்திலேயே கதாநாயகி வேஷம் கிடைத்தது. ஷூட்டிங் தொடங்கி நாலைந்து நாளிருக்கும். ஒருநாள் காலையில் கோடம்பாக்கம் லாட்ஜ் வாசலில் அம்மை வந்து நின்றாள். கையில் ஓலைப்பெட்டி, அதில் முந்திரிக்கொத்தும் நெத்திலிக் கருவாடும். பஸ்ஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்ததில் கால் வீங்கியிருந்தது.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். லாட்ஜ் மேனேஜரிடம் ஓடி, "கம்பெனி வண்டி வந்தா சொல்லுங்க, அம்மை வந்திருக்கா, கொஞ்சம் பிந்தி வாறேன்" என்றேன். எங்கள் பக்கத்தில் தாயை அம்மை என்றுதான் சொல்வோம். அந்த மனுஷன் மெட்ராஸ் ஆள், அவருக்கு அம்மை என்றால் நோய்தான். அவர் டிரைவரிடம், "அந்தப் பொண்ணுக்கு அம்மை வந்திருக்காம்" என்று சொல்லியிருக்கிறார். டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்துவிட்டான்.

அம்மைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, சாப்பிட வைத்து, அவளையும் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனால் கேட்டில் வாட்ச்மேன் மூக்கில் துண்டைப் பொத்திக்கொண்டு நாலடி தள்ளி நின்றான். "தலைக்கு தண்ணி ஊத்திட்டு வாம்மா" என்றான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. புரொடக்‌ஷன் மேனேஜர் வந்து என் முகத்தையும் கையையும் பார்த்தார். ஒரு கொப்புளம் இல்லை. பிறகு என் பின்னால் ஓலைப்பெட்டியோடு நின்ற அம்மையைப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உள்ளே என் பாவாடை தாவணியை உடுத்திக்கொண்டு இன்னொருத்தி பாதிப் பாட்டு ஆடி முடித்திருந்தாள். அவளை மாற்ற முடியாது என்றுவிட்டார்கள். அவள் பெரிய நட்சத்திரமானாள். பல வருஷம் கழித்து ஒரு படத்தில் நான் அவளுக்குத் தாயாக நடித்தேன். அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள்.

அம்மை மறுநாளே புறப்பட்டாள். "நான் வராம இருந்திருக்கலாம் மக்கா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் கண்ணாடி முன்னால் நின்று 'அம்மா, அம்மா' என்று சொல்லிச் சொல்லிப் பழகினேன். 'ஆக்கும்' போயிற்று, 'விளிக்க' போயிற்று, இழுத்துப் பேசும் ராகம் போயிற்று. அப்படியும் என் பேச்சில் மலையாள வாடை அடிக்கிறது என்று சொல்லிக் குரலுக்கு ஆள் போட்டுவிட்டார்கள்.

ஷூட்டிங் அருமனைக்கு உள்ளே, ரப்பர் தோட்டத்து மேட்டிலுள்ள ஒரு வீட்டில். தாயாக நடிக்க அந்த ஊர்த் தொண்ணூறு வயது ஞானப்பூ மாமியையே ஷைஜா பிடித்துப்போட்டிருந்தாள். மாமி வாழ்நாளில் காமிராவைப் பார்த்ததில்லை. முதல் காட்சி லேசானது. நான் ஆட்டோவில் வந்து இறங்குகிறேன், கேட்டில் நின்று 'அம்மை' என்று விளிக்கிறேன், மாமி தலை நிமிர்ந்து 'ஆரு?' என்று கேட்கிறாள். அவ்வளவுதான்.

ஷைஜா 'ஆக்‌ஷன்' என்றாள். என் வலதுகை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. மோவாய் நடுங்கியது. கேட்காமலே கண்ணீர் வந்தது.

"அம்மா!"

மாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "ஒண்ணும் இல்ல, அடுத்த வீட்டில போயி கேளு" என்றாள்.

யூனிட் முழுக்கச் சிரித்தது. ஷைஜா ஓடிப்போய், "மாமி, ஆருன்னு தானே கேக்கணும்?" என்றாள்.

"அம்மா அம்மான்னு விளிச்சா பிச்சைக்கு வந்தவன்னு தானே நெனப்பேன்? இங்க வேற ஆரு அப்பிடி விளிப்பா?" என்றாள் மாமி. நியாயமாகத்தான் கேட்டாள்.

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. கண்ணாடி முன்னால் நின்று உருப்போட்ட வார்த்தை, என் சொந்த ஊர்க் கிழவியின் காதில் பிச்சைக்காரியின் குரலாக விழுகிறது. இரண்டாவது டேக்கிலும் 'அம்மா'தான் வந்தது. மூன்றாவதில் பல்லைக் கடித்துக்கொண்டு 'அம்மை' என்றேன். ஷைஜா தயங்கித் தயங்கி, "ஆன்ட்டி, டாக்டர் நோயைச் சொன்ன மாதிரி இருக்கு" என்றாள். சாயங்காலம் வரை எடுத்தார்கள். ஒன்றும் தேறவில்லை. எனக்கு எரிச்சல் வந்து வெயில் மீதும் ஆட்டோக்காரர் மீதும் காட்டினேன். அவர் பாவம், ஒவ்வொரு டேக்குக்கும் வண்டியைப் பின்னால் எடுத்து எடுத்து அலுத்துப்போயிருந்தார்.

பொருட்களைக் கட்டும் நேரத்தில் ஷைஜா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"சென்னையில சேனல்காரங்க முதல்லயே வேற ஆளைச் சொன்னாங்க ஆன்ட்டி. நாப்பத்திரண்டு வயசு. பழைய ஹீரோயின். விக் வெச்சுக்கிடலாம்னு சொன்னாங்க. நான்தான் சண்டை போட்டேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இந்த சீனைக் கேக்காங்க. செரியா வரலேன்னா அவங்களை அனுப்பிருவாங்க."

இருபத்தெட்டு வயதில் என் தலைக்கு வெள்ளை மை தடவினார்கள். அறுபத்தாறில் என் தலை தானாகவே வெளுத்திருக்கிறது, அதற்கும் வேறொருத்தி விக் வைத்துக்கொண்டு வருவாளாம். இப்போது படங்களில் அறுபது வயதுக்காரி காதலிக்கிறாள், பைக் ஓட்டுகிறாள், கோர்ட்டில் வாதாடுகிறாள், காலம் மாறிவிட்டது என்று எல்லோரும் பேசுகிறார்கள். மாறித்தான் இருக்கிறது. வயசான வேஷத்துக்கு மவுசு வந்துவிட்டது, வயசானவளுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் இந்தத் தடவை குறை சேனல்காரனிடம் மட்டும் இல்லை. வார்த்தை வராதது என் நாக்கில். அந்தத் துக்கத்தை யாரிடம் சொல்ல?

வீட்டுக்கு வந்து பெமிலாவிடம் சொன்னேன். அவள் மீன்சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "இப்ப சொல்லுங்க பாப்போம்" என்றாள்.

"என்னத்த சொல்ல? எனக்க அம்மை வந்தா, அம்மை போனா, அம்மை சோறு தந்தா. எல்லாம் வருதே!"

"காமிரான்னு சொன்னாத்தான் உங்களுக்க நாக்கு மெட்ராஸுக்கு வண்டி ஏறுது மைனி" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மழை விட்டு விட்டுப் பெய்தது. வண்டி மேட்டில் ஏற முடியாமல் கீழே வளைவிலேயே நின்றுவிட்டது. நான் இறங்கிக் குடையைத் தேடிக்கொண்டிருந்தேன். ரப்பர் பால் வாளியோடு ஒரு பெண் என்னைத் தாண்டி எதிர் மேட்டுப் பாதையில் ஏறினாள். ஏறும்போதே, வீடு கண்ணில் படுவதற்கு முன்பே, மேலே பார்த்துக் கூவினாள்.

"எம்மோ... நாயக் கெட்டு!"

மேலே எங்கேயோ ஒரு சங்கிலி சத்தம் கேட்டது. நான் குடையை மறந்து அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் வீடும் மேட்டில்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கீழே கால்வாய்க்கரையிலிருந்தே விளிக்கத் தொடங்குவேன். அம்மை நாயைக் கட்டுவாள், மரச்சீனிக் கிழங்கு வேகிற அடுப்பில் விறகைத் தள்ளிவிடுவாள், முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வருவாள். மேட்டு வீட்டுப் பிள்ளைகள் யாரும் கேட்டில் நின்று அம்மையை விளிப்பதில்லை. கேட்டுக்கு வரும்போது அம்மை அங்கே நின்றிருப்பாள். சினிமாவில்தான் எல்லா அம்மாவும் வாசலில் கூப்பிட்ட பிறகு கையை விரித்துக்கொண்டு ஓடி வருவாள். நானும் அப்படி எத்தனையோ தடவை ஓடி வந்திருக்கிறேன். முந்தின நாள் முழுக்க நான் கேட்டில் நின்று கத்தியது நடிப்புக்கோளாறு மட்டுமில்லை, நிற்கிற இடமே தப்பு.

மூச்சு வாங்க மேலே ஏறி ஷைஜாவிடம் சொன்னேன்.

"நான் கீழ வளைவில நிக்கேன். அங்கேருந்து விளிச்சிட்டே ஏறி வாறேன். நீ காமிராவ மாமி பக்கத்தில வை."

"அப்பம் உங்களுக்க மொகம் தெரியாதே ஆன்ட்டி? முதல் சீனாக்கும். சேனல்காரங்க மொகத்தத்தான் பாப்பாங்க."

"மொகத்த நாப்பது வருஷமா பாத்தாச்சு. ஒச்சைய ஆரும் கேக்கல்ல."

"செரி" என்று அவள் காமிராவை மாமி பக்கம் வைக்கச் சொன்னாள். அந்தத் துணிச்சலுக்காக அவளை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

சவுண்டு பதிவு செய்யும் ஸ்மைலின் மட்டும் என்னோடு கீழே வந்தாள். என் சேலைக்குள் மைக்கைக் குத்திவிட்டு, தோளில் பெட்டியும் காதில் ஹெட்போனுமாக ஒரு ரப்பர் மரத்தின் பின்னால் ஒதுங்கினாள். 'ஆக்‌ஷன்' சொல்லக் கூடாது, கிளாப் அடிக்கக் கூடாது, நான் எப்போது விளிக்கிறேனோ அப்போது என்று சொல்லியிருந்தேன். காமிரா இல்லை, விளக்கு இல்லை, பார்க்க ஆளில்லை. ரப்பர் பால் பிடிக்கிற சிரட்டைகளில் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பயமாக இருந்தது. இதுவும் வராமல் போனால் இனி எனக்கு வேறு இடம் இல்லை.

நெஞ்சுக்குப் போக வேண்டிய கை சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தது. வழுக்கும் படியில் காலை வைத்தேன். அந்தக் காலைப் பற்றித்தான் கவலையாக இருந்தது, வார்த்தையைப் பற்றி இல்லை.

"எம்மை... ஓ எம்மை... நான் வந்திட்டேன்!"

இரண்டு படி ஏறி மறுபடி விளித்தேன். "எம்மை... நாயக் கெட்டு!"

மேலேயிருந்து 'ஆரு?' என்று வரவேண்டும். அதுதான் மாமிக்குச் சொல்லிக்கொடுத்த வசனம். வசனம் வரவில்லை. தொண்ணூறு வயதுத் தொண்டையால் மாமி முழுப் பலத்தோடு கத்தினாள்.

"ஏட்டி, பைய வா! வழுக்கும்!"

படியில் நின்றுவிட்டேன். என்னை 'அம்மா' என்று கூப்பிட எத்தனையோ கதாநாயகர்கள் வந்தார்கள். நான் விளித்து ஒரு தாய் பதில் சொன்னது அன்றைக்குத்தான்.

ஷைஜா குடையில்லாமல் நனைந்துகொண்டே கீழே ஓடி வந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. "மாமி டயலாக்க மாத்திட்டாவ ஆன்ட்டி. மாத்தினது அப்பிடியே இருக்கட்டு. மாமி மொகத்த நீங்க பாத்திருக்கணும். எவ வாறான்னு தெரியாம இருந்தவிய, ஒச்சைய கேட்டதும் எழும்பி நின்னுட்டாவ. கதையவே மாத்தி எழுதுதேன். இத இப்பமே சென்னைக்கு அனுப்புதேன். இனி எந்த விக்கும் இங்க வராது." என் கையை ஒரு தடவை இறுக்கிப் பிடித்துவிட்டு மறுபடி மேலே ஓடினாள்.

ஷைஜா போனதும் ஸ்மைலினிடம் கேட்டேன். "அதை எனக்குக் கேக்க முடியுமா மக்கா?"

அவள் என்னைப் படியில் உட்கார வைத்து ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டாள். முதலில் மழை சொட்டும் சத்தம். சேற்றில் செருப்பு உரசும் சத்தம். பிறகு விளி.

நான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் மரங்கள்தான் நின்றன. அது நான் இல்லை. போனில் பேசும்போதெல்லாம் நான் அறிந்த என் குரல் வேறு, மெல்லியது, பாதி மெட்ராஸ். இது அடிவயிற்றிலிருந்து எழும்பி, மேலே போய், கடைசியில் லேசாகக் கீறி உடைகிற குரல். சாயங்காலம் முற்றத்து ஓரத்தில் நின்று, 'ஏட்டி எலிசா' என்று பள்ளத்தைப் பார்த்து விளிக்கும் குரல். அம்மையைத் தக்கலைச் சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்து இருபத்தாறு வருஷமாகிறது. அவள் குரல் எங்கள் யாரிடமும் பதிவாக இல்லை. ஒரு கேசட்டில்கூட இல்லை. அது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. என் தொண்டைக்குள்தான் இருந்திருக்கிறது. இத்தனை வருஷம் யாரும் கேட்காததால் எனக்கும் தெரியவில்லை. வெட்கமில்லாமல் சத்தம் போட்டு அழுதேன்.

ஸ்மைலின் பயந்துபோய், "போதும் ஆன்ட்டி" என்று ஹெட்போனைக் கழற்றக் கை நீட்டினாள். நான் இரண்டு கையாலும் காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"எடுக்காத மக்கா. எனக்க அம்மையாக்கும் விளிக்கது."